வெறும் ரிஜிஸ்டர்தான்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து என் வாயில் அதிகம் வருகிற சொல் ரிஜிஸ்டர். "அங்கிள், ரிஜிஸ்டர் பண்ணிட்டீங்களா?" "ஆன்டி, மொதல்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு அப்புறம் உக்காருங்க." "பாஸ், ரிஜிஸ்டர் பண்ணாம டாக்டரைப் பாக்க முடியாது லா." காய்ச்சலில் நடுங்குகிறவர், மூச்சு வாங்குகிறவர், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரத்தம் சொட்ட நிற்கிறவர், எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். முதலில் ஐசி என்கிற அடையாள அட்டை, பிறகுதான் வலி. இரக்கமே இல்லாதவள் என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். கவுண்டரில் இரக்கப்பட ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் வரிசை ரோட்டுக்குப் போய்விடும்.

பள்ளியில் ரிஜிஸ்டர் என்றால் ஆசிரியை கையிலிருந்த நீளப் புத்தகம். கிள்ளானில் நான் படித்த பள்ளியில் எங்கள் ஆசிரியை யாரையும் அடிக்க மாட்டார். "ரிஜிஸ்டர்ல பேரை வெட்டிருவேன்" என்பார், அது போதும். ஒரு நாள் நிஜமாகவே வெட்டினார். அப்பாவுக்கு வேலை போய், குடும்பத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்ட ஒரு பெண்ணின் பெயர் மேல் ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். அவளுக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. கோடு நேராக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து அவள் நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டேன்.

கைப்பேசிக்கு சிம் வாங்கினால் ரிஜிஸ்டர். வக்கீல் நோட்டீஸ் வந்தால் அது ரிஜிஸ்டர் தபால். எத்தனை தடவை சொன்னாலும் ஒருத்தனுக்குப் புரியவில்லை என்றால், "அவன் மண்டைல ரிஜிஸ்டர் ஆகல லா" என்போம். ஆனால் எங்கள் ஆட்களிடம் போய் "ரிஜிஸ்டர் எப்போ?" என்று மொட்டையாகக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் கிளினிக்கோ பள்ளியோ தபாலோ ஞாபகம் வராது. "மூத்தவளுக்கு முடிஞ்சிருச்சு, சின்னவளுக்கு அடுத்த மாசம்" என்பார்கள். எங்களுக்கு ரிஜிஸ்டர் என்றால் கல்யாணப் பதிவு. அதற்கென்று ரிஜிஸ்டர் சேலை உண்டு, ரிஜிஸ்டர் போட்டோ உண்டு, முடிந்ததும் வாழையிலைக் கடையில் ரிஜிஸ்டர் சாப்பாடு உண்டு.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்லிவிடுகிறேன். இங்கே எங்கள் குடும்பங்களில் முதலில் அதிகாரி முன்னால் கையெழுத்து, பல மாதம் கழித்துக் கோவிலில் தாலி. கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து சட்டப்படி புருஷன் பொண்டாட்டி. ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் அவர் அவருடைய அம்மாவோடு ஒரு காரில் ஏறுவார், இவள் இவளுடைய அம்மாவோடு இன்னொரு காரில் ஏறுவாள். தாலி ஏறும் வரைக்கும் சேர்ந்து வாழக்கூடாது. கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் சீனப் பெண் இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா கல்யாணம் ஆச்சா, ஆகலையா?" என்றாள். "ஆச்சு, ஆனா ஆகல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது எனக்கு ரிஜிஸ்டர் முடிந்து ஒரு மாதம்.

எனக்குத் தாலி ஏறவே இல்லை. அதற்குள் அவர் இறந்துவிட்டார். அம்மா இப்போதும் தரகரிடம் போனில் சொல்கிறாள், "அதெல்லாம் ஒண்ணும் ஆகலீங்க. வெறும் ரிஜிஸ்டர்தான்." வெறும் பாத்திரம், வெறும் வயிறு என்பது போலத்தான் சொல்கிறாள். ஒரு தடவை என்னை இழுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கே போய், அதை அழித்துத் தர முடியுமா என்று கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "பாலு" என்றார். மலாயில் விதவை என்று அர்த்தம். அம்மாவுக்கு அவ்வளவு மலாய் தெரியும், ஆனாலும் ஒன்றும் கேட்காதது மாதிரி அடுத்த கேள்விக்குப் போனாள். நான் அவருக்குப் பொண்டாட்டியா இல்லையா என்பதை ஆளாளுக்கு ஒரு கவுண்டரில் நின்று தீர்மானித்தார்கள். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அவரை முதலில் பார்த்தது என் கவுண்டரில்தான். ரவாங்கிலிருந்து அம்மாவோடு தீபாவளிக்குத் துணி எடுக்க வந்திருந்தார். வெயிலில் அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. ஐசி கேட்டேன், வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். ஐசி இல்லாமல் ரிஜிஸ்டர் பண்ண முடியாது என்றேன். அவர் கெஞ்சினார், பிறகு கத்தினார். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். கடைசியில் அவருடைய அக்கா வீட்டிலிருந்து ஐசியைப் படம் எடுத்து அனுப்ப, அதைக் காட்டித்தான் பதிந்தேன். அதுவரைக்கும் அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவர் கடைசி வரைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் மகன் மட்டும் வந்தார், ஐசியோடு. "என்ன செய்யுது?" என்றேன். "ஒண்ணும் செய்யல. ரிஜிஸ்டர் பண்ணிக்குங்க, சும்மா உக்காந்துட்டுப் போறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளாக யாரும் என்னைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒரு ஆளாகப் பார்த்ததில்லை. அவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினார். வார நாட்களில் அங்கேயே நண்பர்களோடு ஓர் அறை, விடுமுறைக்கு ரவாங். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவேன், அவர் ரவாங்கிலிருந்து வருவார். பிரிக்பீல்ட்ஸில் சந்தித்து, நடந்து, தேநீர் குடித்து, அவரவர் ரயிலில் திரும்புவோம்.

வீட்டில் பேசி ஒப்புக்கொண்டார்கள். அவர் அம்மா ஒப்புக்கொண்டார் என்பதைவிட, மகனிடம் பேசிப் பேசித் தொண்டை வற்றி நிறுத்தினார் என்பது சரி. தை மாதம் தாலி என்று முடிவானது. மலிவு விலை வீட்டுக்கு மனு போட வேண்டும், கல்யாணமானவர்களுக்குத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதால் ரிஜிஸ்டரை முன்னாலேயே வைத்தோம். வெளிர் பச்சைச் சேலை கட்டியிருந்தேன். கையெழுத்துப் போடும்போது அவர் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தார், நான் ஒரே இழுப்பில் போட்டேன். நாள் முழுக்க ரிஜிஸ்டர் பண்ணுகிறவளுக்கு என்ன தயக்கம்? அன்றிலிருந்து என்னை "ரிஜிஸ்டர் பொண்டாட்டி" என்று கூப்பிட ஆரம்பித்தார். கிண்டலாகத்தான். எனக்கு அது நன்றாக இருந்தது.

ரிஜிஸ்டருக்குப் பிறகு வந்த தீபாவளிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளைக்கு முதல் தீபாவளி என்று விருந்து வைக்க வேண்டாமா என்று அம்மாவைக் கேட்டேன். "தாலி ஏறட்டும், அடுத்த வருஷம் வைக்கிறேன்" என்றாள். வாசற்கதவைத் திறந்தே வைத்து, அவரை ஹாலில் உட்காரவைத்து, முறுக்கும் சிவப்பு நிறக் குளிர்பானமும் கொடுத்து, எனக்கும் அவருக்கும் நடுவில் தானே உட்கார்ந்துகொண்டாள். அவர் எழுந்து போனதும் அந்தக் குவளையை ஒரு தடவை கழுவினாள், பிறகு இன்னொரு தடவை கழுவினாள்.

மழைக்காலம் அது. தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் ஒரு வாரநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கத்துக்கு மாறாக எனக்குப் பாகற்காய் வறுத்துச் சோறு கட்டித் தந்தாள். எனக்குப் பாகற்காய் பிடிக்கும், அவளுக்கு அந்த வாசனையே ஆகாது. "என்னம்மா இன்னிக்கு?" என்றேன். "சும்மாதான்" என்றாள். கிளினிக்கில் கூட்டம். மத்தியானம் அந்தப் பாகற்காயை ரசித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது போன் அடித்தது. அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

"உன் ஐசியையும் அந்த ரிஜிஸ்டர் சர்டிபிகேட்டையும் எடுத்துக்கிட்டு உடனே மோர்ச்சரிக்கு வா" என்றார்.

"யாருக்கு அண்ணி?" என்றேன்.

"உங்கம்மா சொல்லலையா? காலைலயே சொல்லிட்டேனே. தம்பி வேலை முடிஞ்சு வர்றப்ப லோரி மோதிருச்சு. ஸ்பாட்லயே போயிட்டான்" என்றார். போனை வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போய், எதிரே நின்ற ஒருவருக்கு மருந்துப் பையைக் கொடுத்து, சாப்பிட்ட பிறகு ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று சொன்னேன். அதன் பிறகுதான் எனக்குக் காது அடைத்தது. அம்மாவுக்கு போன் போட்டேன். "நீ அங்க போகவே வேணாம்னு நெனச்சேன். தாலி ஏறல, நமக்கும் அவங்களுக்கும் என்ன இருக்கு? நல்ல வேளைன்னு நெனச்சுக்கோ" என்றாள். நல்ல வேளை. அந்தச் சொல்லுக்காக நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

மோர்ச்சரி கவுண்டர் என் கவுண்டர் மாதிரியேதான் இருந்தது. கண்ணாடி, அதன் கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு, உள்ளே சட்டைப்பையில் இரண்டு பேனா குத்திய ஒரு மலாய்க்காரர். அண்ணி சுவரில் சாய்ந்து நின்றார். அவர் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில். அத்தை என்று நான் கூப்பிட, அவர் ஒரு நாளும் திரும்பாத அத்தை.

"காலைலேர்ந்து சொல்றோம், கல்யாணம் ஆகாத பையன்னு" என்றார் அண்ணி. "கம்ப்யூட்டர்ல கல்யாணமானவர்னு வருதாம். பொண்டாட்டி எங்க, பொண்டாட்டி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். பொண்டாட்டி வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பாடியைக் குடுப்பானாம்."

உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்து, "இஸ்த்ரி?" என்றார். மனைவியா என்று கேட்கிறார். ஆமாம் என்று, வீட்டு மனுவுக்காகக் கைப்பையிலேயே வைத்திருந்த சர்டிபிகேட்டை நீட்டினேன். "சினி, புவான்" என்று இங்கே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். புவான் என்பது மலாயில் கல்யாணமான பெண்ணை மரியாதையாகக் கூப்பிடுவது. அதுவரைக்கும் நான் போன எல்லா இடத்திலும் என்னை 'சிக்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள், கல்யாணமாகாதவள் என்று. என் கல்யாணத்தை முதலில் ஒப்புக்கொண்ட மனிதர் பிணவறைக்காரர். அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் போல் இருந்தது.

முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லச் சொன்னார்கள். பார்த்தேன். ஒரு பக்கம் அவராகவே இருந்தார், இன்னொரு பக்கத்தைத் துணி மூடியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பேனாவைக் கொடுத்தார்கள்.

"போட்டுட்டு நீ கெளம்பு. வீட்டுக்கு வர வேணாம்" என்றார் அண்ணி.

"ஏன் வரக்கூடாது?"

"எந்த முறைல வருவ? பொண்டாட்டியா? தாலி எங்க?"

பேனாவைக் கவுண்டர் மேல் வைத்தேன். "அப்ப நான் போடல" என்றேன்.

அந்த நிமிடம் எனக்கு இனித்தது. உள்ளே அவர் விறைத்துக் கிடக்க, வெளியே நான் அவர் அம்மாவைக் காக்க வைத்தேன், அது இனித்தது. அத்தை அதே மாதிரி ஒரு நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார், இந்தத் தடவையும் அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. அழுது வீங்கின கண்ணால் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் தலையைக் குனியவில்லை.

"என்னதான் வேணும் உனக்கு?" என்றார் அண்ணி.

"வீட்டுல அவர் பக்கத்துல நான் உக்காரணும். பொண்டாட்டிக்கு என்ன செய்வாங்களோ அதை எனக்குச் செய்யணும்."

"பொண்டாட்டிக்கு என்ன செய்வாங்கன்னு தெரியுமா? தலைல பூ வெச்சுப் பிடுங்குவாங்க. வளையலை உடைப்பாங்க. பொட்டை அழிப்பாங்க. ஆசையா இருக்கா?"

"ஆமா" என்றேன். "ஆசையாத்தான் இருக்கு."

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அத்தை முதல் தடவையாகப் பேசினார். "வரட்டும். பக்கத்துல உக்காரட்டும். எல்லாம் முறைப்படி நடக்கும். போடச் சொல்லு." போட்டேன். அப்போதும் ஒரே இழுப்புதான்.

மறுநாள் காலை கிளம்பும்போது அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "சாவு வீட்ல நீ பொண்டாட்டின்னு போயி உக்காந்தா, நாளைக்கு எவன் உன்னைக் கட்டுவான்?" என்றாள். அவளைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வந்தேன். ரயிலில் போய்ப் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, பூக்கடையில் மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கடையில் கண்ணாடி வளையல், சிவப்பும் பச்சையுமாக இரண்டு கைக்கும் போட்டுக்கொண்டேன். நெற்றியில் பெரிய பொட்டு. பிடுங்குவதற்குப் பூ வேண்டும், உடைப்பதற்கு வளையல் வேண்டும், அழிப்பதற்குப் பொட்டு வேண்டும். அலங்காரம் பண்ணிக்கொண்டு அடுத்த ரயிலில் ரவாங் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்.

வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் பறை நின்றது மாதிரி பேச்சு நின்றது. "பூ வெச்சுக்கிட்டு வந்திருக்கா பாரு" என்று ஒரு குரல். நான் நேராகப் போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை. அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் நெற்றியில் ஒட்டியிருந்த விபூதித் துகளைச் சரிசெய்தேன். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு நேரம், அவரோடு நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நடுவில் அம்மா இல்லை.

காரியம் செய்ய வந்த பண்டாரம் சாமான்களைப் பரப்பிக்கொண்டே அத்தையிடம் கேட்டார், "பையனுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்லீங்க" என்றார் அத்தை. "கல்யாணம் ஆகாத பிள்ளை."

"அப்ப வாழை வேணுமே."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர்கள் குடும்பத்தில் அது வழக்கமாம். கல்யாணம் ஆகாமல் போகிற ஆண்பிள்ளையை அப்படியே அனுப்பக்கூடாது, ஆசை அடங்காமல் அலைவானாம். அதனால் ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து, பிணத்தின் கையில் தாலிக்கயிற்றைத் தொடவைத்து, அந்தக் கன்றுக்குக் கட்டுவார்கள். கட்டியதும் அதை அறுத்து, கன்றை வெட்டி விதவையாக்கிவிடுவார்கள். கன்று ஏற்கெனவே தயாராக இருந்தது. பின்கட்டிலிருந்து ஒரு பெயிண்ட் வாளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள், வேரில் ஈரமண் ஒட்டியிருந்தது.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

பண்டாரம் நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரும்மா?"

"நான் அவர் பொண்டாட்டி. ரிஜிஸ்டர் ஆயிருச்சு."

"தாலி கட்டினாரா?"

"இல்ல."

"ரிஜிஸ்டர்லாம் கவர்மெண்டுக்கும்மா. மேல போறவருக்குத் தாலிதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஐசி இல்லாதவரிடம் நான் பேசுகிற அதே குரல், அதே பொறுமை. அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். "முறைப்படின்னுதானே சொன்னேன்" என்றார். "பக்கத்துலதானே உக்காந்திருக்க? யாராச்சும் எழுப்பினோமா?"

வாழைக்கன்றுக்கு மஞ்சள் துணி சுற்றினார்கள். பொட்டு வைத்தார்கள். பூ வாங்க மறந்துவிட்டார்கள். அண்ணி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்து என் தலையிலிருந்து மல்லிகையை உருவினார். கொஞ்சம் முடியும் சேர்ந்து வந்தது. அதைக் கொண்டுபோய்க் கன்றின் மேல் சாற்றினார். திரும்பி வந்து என் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி இலைக்காம்பில் மாட்டினார். என் பூ போயிற்று, வளையல் போயிற்று. மோர்ச்சரியில் நான் கேட்டதுதான். ஆனால் கல்யாணப் பெண் அங்கே வாளியில் நின்றாள்.

வாளி சாய்ந்தது. கன்று நிற்க மாட்டேன் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. "யாராச்சும் பிடிங்கப்பா" என்றார் பண்டாரம். எல்லாரும் தள்ளி நின்றார்கள், விதவையாகப் போகிற மரத்தைத் தொட யாருக்கும் மனசில்லை. அண்ணி என்னைப் பார்த்தார். "நீதான் பக்கத்துல இருக்கியே. கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றார்.

பிடித்தேன். தண்டு சில்லென்று வழவழப்பாக இருந்தது. மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை அவர் விரல்களில் தொடவைத்து எடுத்தார்கள். தை மாதத்துக்கென்று செய்த பொன் தாலியை அவர் எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தார், அது அலமாரியிலேயே பத்திரமாக இருந்தது. அவருடைய தாய்மாமன் கண்ணீரோடு குனிந்து கயிற்றைத் தண்டைச் சுற்றிக் கொண்டுவந்தார். நான் மோதிர விரலைக் கயிற்றுக்கு உள்ளே நுழைத்தேன். அவர் பார்க்கவில்லை. ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு, இன்னொன்று. கயிறு என் விரலைத் தண்டோடு சேர்த்து இறுக்கியது. வலித்தது. ஒரு பெண் பழக்கதோஷத்தில் குலவை போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"விரலை எடும்மா" என்றார் பண்டாரம்.

நான் எடுக்கவில்லை.

அண்ணி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கன்றுதான் ஆடியது, விரல் வரவில்லை. "பைத்தியமாடி நீ? அது பொணத்துத் தாலி!" என்று கத்தினார். "எனக்குத் தெரியும்" என்றேன். கூட்டம் கலைந்து பேச ஆரம்பித்தது. நேரம் ஆகிறது, வண்டி வந்துவிட்டது என்று வெளியிலிருந்து யாரோ சொன்னார்கள். அத்தை எழுந்து வந்தார். என்னைப் பார்க்காமல் பண்டாரத்தைப் பார்த்து, "அறுங்க" என்றார்.

கத்தி கயிற்றுக்குள் நுழைந்தது. பண்டாரம் கூசிக் கூசித்தான் அறுத்தார், இருந்தாலும் என் விரலின் ஓரத்தையும் கொஞ்சம் அறுத்துவிட்டது. கயிறு விட்டது. இலைக்காம்பில் மாட்டிய என் வளையலை உடைத்தார்கள். கன்றை நடுவில் வெட்டினார்கள். பெண்கள் அந்த வாழையைச் சுற்றி நின்று, "உன் தலையெழுத்து இப்படி ஆச்சே" என்று மாரடித்து அழுதார்கள். அடித்துக்கொண்டு அழுத ஒருத்தியின் முழங்கை என் தோளில் இடித்தது. "தள்ளிக்கோம்மா" என்றாள் அவள்.

வண்டி போன பிறகு வெளியே வந்தேன். வெட்டின வாழையைக் கால்வாய் ஓரம் போட்டிருந்தார்கள். என் மல்லிகை அதன் மேலேயே இருந்தது.

வீட்டில் அம்மா வாசலில் வாளித் தண்ணீரோடு காத்திருந்தாள். சாவு வீட்டுக்குப் போய் வருகிற யாருக்கும் ஊற்றுவது மாதிரி ஊற்றினாள். "யாராச்சும் போட்டோ எடுத்தாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நாளைக்கு வேலைக்குப் போயிரு. லீவு எடுத்தா ஏன்னு கேப்பாங்க" என்றாள். விரலில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு பிளாஸ்டர் எடுத்து வந்து ஒட்டினாள். எப்படி வெட்டியது என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை கிளினிக் ஷட்டரைத் தூக்கினேன். பிளாஸ்டர் ஈரத்தில் கழன்று விழுந்துவிட்டது. எத்தனை சோப்புப் போட்டும் விரலில் மஞ்சள் போகவில்லை, நகக்கண்ணில் ஏறியிருந்தது. முதல் ஆளாக, சர்க்கரைக்கு மருந்து வாங்க மாதாமாதம் வருகிற அங்கிள் வந்தார். பதியும்போது என் கையையே பார்த்தார்.

"என்னம்மா, விரல்ல மஞ்சள்? கல்யாணமா?"

"ஆமா அங்கிள். நேத்து."

"அடடா, சொல்லவே இல்லையே!" என்று முகமெல்லாம் சிரித்தார். "ரொம்ப சந்தோஷம்மா. மாப்பிள்ளை என்ன வேலை செய்றாரு?"

"ஐசியைக் குடுங்க அங்கிள்" என்றேன். "ரிஜிஸ்டர் பண்ணணும்."